பன்னிரண்டு நாள் பஸ், எட்டு டம்ளர் காப்பி: கணக்குக்குப் பயந்தவர்களுக்குப் புள்ளியியல்

புள்ளியியல் படிக்க எவ்வளவு கணக்கு தெரிய வேண்டும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சதவீதம். இவ்வளவுதான். நடுவில் ஓரிடத்தில் வர்க்கமூலம் வரும். அதற்குக் கால்குலேட்டரில் ஒரு பொத்தான் இருக்கிறது.

நான் தமிழ் இலக்கியம் படித்தவன். ஒரு தொண்டு நிறுவனத்தில் கிராமக் கணக்கெடுப்பு வேலைக்குப் போனபோது வயது முப்பத்து நாலு. சேகரித்து வந்த தாள்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், தடியான பாடப்புத்தகம் ஒன்றை வாங்கி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாம் அத்தியாயம், வரிசை மாற்றங்களும் சேர்மானங்களும். அங்கேயே புத்தகத்தை மூடினேன். எட்டு மாதம் திறக்கவில்லை.

தப்பு புத்தகத்தில் இல்லை, நான் நுழைந்த வாசலில்தான். பின்பு வேறு வாசல் வழியாக உள்ளே போனேன். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஆறேழு வாரத்தில் முடியும். கையில் ஒரு நோட்டு, பென்சில், ஒரு ரூபாய் நாணயம், துண்டுச் சீட்டுகள் இருந்தால் போதும். கணினி பிற்பாடு.

முதல் படி: உங்கள் சொந்த எண்கள்

பாடப்புத்தக எண்களோடு ஆரம்பிக்காதீர்கள். அவை யாருடையவோ. தினமும் மாறுகிற, உங்களுக்கே தெரிந்த ஒன்றை எடுங்கள்: பஸ்ஸுக்குக் காத்திருந்த நிமிடம், இரவு தூங்கிய நேரம், கடைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை, எதுவானாலும் சரி. பன்னிரண்டு நாள் விடாமல் எழுதுங்கள்.

முதல் நாளே சிக்கல் வரும். வரட்டும். காத்திருப்பு எப்போது ஆரம்பிக்கிறது, வீட்டுக் கதவைப் பூட்டியபோதா, நிறுத்தத்தில் கால் வைத்தபோதா? கூட்டம் வழிகிறது என்று ஒரு பஸ்ஸை விட்டுவிட்டால், அது வந்ததாகக் கணக்கா, வராததாகக் கணக்கா? ஒரு முடிவெடுத்து நோட்டின் முதல் வரியில் எழுதிவிடுங்கள், பன்னிரண்டு நாளும் அதை மாற்றாதீர்கள். எதை அளக்கிறோம் என்று முன்கூட்டியே வரையறுக்காமல் எடுத்த எண்ணை எந்தச் சூத்திரத்தாலும் காப்பாற்ற முடியாது. எங்கள் கணக்கெடுப்பில் ‘குடும்பத்தில் எத்தனை பேர்’ என்ற கேள்விக்கே இந்தக் கதிதான். வெளியூரில் வேலை செய்யும் மகனை ஒருவர் சேர்த்து எழுதியிருந்தார், இன்னொருவர் விட்டிருந்தார்.

என் நோட்டில் இருந்தவை இவை, நிமிடக் கணக்கில்: 4, 7, 5, 12, 6, 8, 5, 41, 9, 6, 7, 10.

அந்த 41இல் ஒரு சின்னப் பொய் இருக்கிறது. அன்று பஸ் வரவே இல்லை. 41 நிமிடம் நின்று பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். உண்மையான எண் 41 அல்ல, ‘குறைந்தது 41’. பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுக் காரணத்தை எழுதிவைத்தேன். இது கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

இரண்டாம் படி: கூட்டுவதற்கு முன் வரையுங்கள்

நோட்டில் ஒரு கோடு போட்டு 0 முதல் 45 வரை குறியுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் அதன் எண்ணுக்கு மேலே ஒரு புள்ளி. ஒரே எண் மறுபடி வந்தால் முதல் புள்ளியின் தலையில் இன்னொன்று. இரண்டு நிமிட வேலை. நாலுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே பதினொரு புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கும். வெகுதூரத்தில் ஒன்று மட்டும் தனியாக நிற்கும். என் பன்னிரண்டு நாளின் முழுக் கதையும் அந்தப் படத்தில் இருக்கிறது.

படம் ஏன் முதலில் வேண்டும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு எண் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் பதினொரு ஜோடி எண்கள். நான்கிலும் முதல் வரிசையின் சராசரி 9, இரண்டாவதன் சராசரி 7.5, இரண்டு வரிசைகளுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் எண்ணும் நான்கிலும் 0.82 அளவில்தான். எண்களை மட்டும் பார்த்தால் நான்கும் ஒட்டிப் பிறந்தவை என்றே தோன்றும். வரைந்து பார்த்தால் ஒன்று நேர்க்கோட்டை ஒட்டிச் சிதறுகிறது, ஒன்று வில்லாக வளைகிறது, ஒன்றில் ஒரேயொரு புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுக்கிறது, கடைசியில் ஒரு புள்ளி தவிர மற்றவை செங்குத்தாக அடுக்கி நிற்கின்றன. ஆளுக்கு ஒரு முகம்.

மூன்றாம் படி: நடுவைக் கண்டுபிடிப்பது

என் எண்களைக் கூட்டினால் 120. பன்னிரண்டால் வகுத்தால் 10. இது சராசரி.

இப்போது எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்: 4, 5, 5, 6, 6, 7, 7, 8, 9, 10, 12, 41. நடுவில் நிற்பவை ஆறாவதும் ஏழாவதும். இரண்டுமே 7. ஆக இடைநிலை 7.

‘சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருக்கிறேன்’ என்று நான் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றது பன்னிரண்டில் இரண்டே நாள். ஒரே ஒரு நாள் மொத்தச் சராசரியையும் தன் பக்கம் இழுத்துவிட்டது. அந்த 41ஐ எடுத்துவிட்டால் சராசரி 7.2க்கு இறங்கிவிடும்.

நட்சத்திரம் போட்ட எண்ணுக்கு இப்போது வருவோம். அன்று பஸ் 60ஆவது நிமிடம் வந்திருந்தால்? சராசரி பதினொன்றரையைத் தாண்டும். இரண்டு மணி நேரம் கழித்து வந்திருந்தால் இன்னும் எகிறும். இடைநிலை? அப்போதும் 7தான். கடைசியில் நிற்பவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதைப் பற்றி வரிசையின் நடுவில் நிற்பவருக்குக் கவலை இல்லை. எனக்குச் சரியாகத் தெரியாத ஓர் எண் இருந்தும் இடைநிலையை நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. இதைப் பார்த்த அன்றுதான் இந்தப் பாடம் எனக்குப் பிடித்துப்போனது.

சம்பளம், வீட்டு விலை, நிலத்தின் அளவு போல ஒரு பக்கம் நீண்ட வால் உள்ள எதற்கும் முதலில் இடைநிலையைக் கேளுங்கள். சராசரிக்கும் வேலை உண்டு. மொத்தம் முக்கியமான இடத்தில் அதுதான் வேண்டும்: மாதம் முழுவதும் பஸ் நிறுத்தத்தில் எத்தனை மணி நேரம் தொலைத்தேன் என்பதற்கு இடைநிலை உதவாது. முகடு என்று மூன்றாவது ஒன்றும் சொல்லித்தருவார்கள், அதிகத் தடவை வந்த எண். என் பட்டியலில் 5, 6, 7 மூன்றும் இரண்டிரண்டு தடவை வருகின்றன, ஆகவே இங்கே அதனால் ஒரு பயனும் இல்லை. செருப்புக் கடைக்காரருக்கு அது தேவைப்படும்.

ஒரு பெயர்க் குறிப்பு: இலங்கைப் பாடநூல்களில் சராசரியை இடை என்பார்கள், இடைநிலையை இடையம், முகட்டை ஆகாரம். இரண்டு நாட்டுப் பாடங்களையும் மாற்றி மாற்றிப் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.

நான்காம் படி: சிதறல்

இந்தப் படியில்தான் நிதானிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் சராசரியோடு நின்றுவிடுகிறார்கள். எல்லா நாளும் பஸ் சரியாகப் பத்தாவது நிமிடம் வந்தால் புள்ளியியலே தேவையில்லை. எண்கள் மாறுவதால்தான் இப்படி ஒரு பாடமே இருக்கிறது.

இரண்டு வழித்தடங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் தடத்தில் ஐந்து நாள் காத்திருப்பு 8, 9, 10, 11, 12. இரண்டாவதில் 2, 3, 10, 17, 18. இரண்டுக்கும் சராசரி 10, இடைநிலையும் 10. காலை ஒன்பதரைக்கு நேர்முகத் தேர்வு இருந்தால் எதில் போவீர்கள்? யோசிக்காமல் முதல் தடம் என்கிறீர்கள் அல்லவா, அந்த உள்ளுணர்வை எண்ணாக்கினால் அதுதான் சிதறல் அளவு.

எளிய வழி இது. ஒவ்வொரு நாளும் பத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று எழுதுங்கள், கூடவா குறைவா என்பதை விட்டுவிடுங்கள். முதல் தடம்: 2, 1, 0, 1, 2. சராசரி விலகல் 1.2 நிமிடம். இரண்டாவது: 8, 7, 0, 7, 8. சராசரி விலகல் 6 நிமிடம். புரிந்துவிட்டதா? பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

திட்ட விலக்கம் இதே யோசனையின் இன்னொரு வடிவம். இலங்கையில் நியம விலகல் என்பார்கள். விலகல்களை வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, கடைசியில் வர்க்கமூலம் காண்பது. முதல் தடத்துக்கு 1.41, இரண்டாவதுக்கு 6.72. வர்க்கப்படுத்துவதால் பெரிய விலகலுக்குக் கூடுதல் தண்டனை. கையால் ஒரே ஒரு முறை செய்து பாருங்கள், அதற்கப்புறம் கணினியிடம் விட்டுவிடலாம். கணினியில் 1.41க்குப் பதில் 1.58 வந்தால் பயப்பட வேண்டாம். ஐந்தால் வகுப்பதற்குப் பதில் நாலால் வகுத்திருக்கும். கையில் இருப்பது ஒரு பெரிய தொகுதியிலிருந்து எடுத்த சின்ன மாதிரி என்றால் சிதறல் கொஞ்சம் குறைவாகத் தெரியும். அதைச் சரிக்கட்ட ஒன்றைக் குறைத்து வகுக்கிறார்கள். எக்செல்லில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

என் பன்னிரண்டு நாளுக்குத் திட்ட விலக்கம் 10 வருகிறது. சராசரியும் 10. ‘சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்குள் 95 சதவீதம் அடங்கும்’ என்று எங்காவது படித்திருந்தால் இங்கே பொருத்திப் பாருங்கள். மைனஸ் 10 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரை என்று வரும். மைனஸ் பத்து நிமிடம் காத்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மணி வடிவில் இருபுறமும் சமமாகச் சரியும் எண்களுக்கு, அதாவது இயல்நிலைப் பரவலுக்கு, சொன்ன விதி அது. என் எண்களுக்கு ஒரு பக்கம்தான் வால். இரண்டாம் படியில் வரைந்த படத்தைப் பார்த்தவர் இந்தத் தவற்றைச் செய்ய மாட்டார்.

இப்படிப்பட்ட எண்களுக்குக் கால்மானம் நல்லது. அடுக்கிய வரிசையை நடுவில் வெட்டி, ஒவ்வொரு பாதிக்கும் மறுபடி நடுவைக் காணுங்கள். எனக்கு 5.5, 9.5 என்று வந்தது. ‘பாதி நாட்கள் ஐந்தரை நிமிடத்துக்கும் ஒன்பதரை நிமிடத்துக்கும் இடையில்.’ பக்கத்து வீட்டுக்காரருக்கும் புரியும்.

ஐந்தாம் படி: பூவா தலையா

தற்செயல் எப்படி நடந்துகொள்ளும் என்று நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம். தெரியாது. ஒரு விளையாட்டு: நண்பர் ஒருவரை நாணயமே தொடாமல், மனசால் இருபது முறை சுண்டியதாகக் கற்பனை செய்து பூ, தலை என்று எழுதச் சொல்லுங்கள். இன்னொருவர் நிஜமாகவே இருபது முறை சுண்டி எழுதட்டும். நீங்கள் அறைக்கு வெளியே நில்லுங்கள். இரண்டு தாளையும் வாங்கி, எது நிஜம் என்று சொல்லுங்கள்.

தொடர்ந்து நாலு பூ அல்லது நாலு தலை எந்தத் தாளில் இருக்கிறதோ அதைக் காட்டுங்கள். பெரும்பாலும் ஜெயிப்பீர்கள். நிஜமாக இருபது முறை சுண்டினால், நாலோ அதற்கு மேலோ தொடர்ச்சியாக ஒரே பக்கம் விழ 77 சதவீத வாய்ப்பு உண்டு. மனசால் எழுதுபவர் மூன்று பூ வந்ததுமே ‘போதும்’ என்று தலைக்கு மாறிவிடுவார்.

அப்புறம் பத்துப் பத்தாகச் சுண்டி, எத்தனை தலை என்று குறித்துக்கொண்டே போங்கள். பத்தில் சரியாக ஐந்து வருவது நாலில் ஒரு முறைதான். இரண்டு, எட்டு எல்லாம் வரும். இருபது தொகுதிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஐம்பது சதவீதத்தை நெருங்கும். ஜான் கெரிக் என்ற கணிதவியலாளர் இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். பொழுது போக வேண்டுமே, நாணயத்தைப் 10,000 முறை சுண்டினார். தலை 5,067. கவனியுங்கள்: 67 தலை கூடுதல், சதவீதத்தில் 0.67 மட்டுமே. கூடுதலாக வந்த தலைகளை நாணயம் திருப்பித் தந்து கணக்கை நேர் செய்யவில்லை, பெரிய எண்ணிக்கையில் அவை கரைந்துபோயின. ‘நாலு தடவை தலை விழுந்தாச்சு, அடுத்தது பூதான்’ என்பவரிடம் இதைச் சொல்லலாம். கேட்க மாட்டார்.

ஆறாம் படி: கொஞ்சத்தைப் பார்த்து மொத்தத்தைச் சொல்வது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான், சோறு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெந்திருந்தால். உப்புப் போட்டுக் கிளறாத சாம்பாரில் மேலாக ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தால் என்ன ஆகும்? கரண்டியைப் பெரிதாக்கியும் பிரயோஜனமில்லை. கிளற வேண்டும்.

1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பெயர்களைத் தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து எடுத்திருந்தார்கள். பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம் அது, போனும் காரும் இருந்தவர்கள் வசதியானவர்கள். போதாததற்கு, சீட்டைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்கள் ஒரு மாதிரியானவர்கள், அனுப்பாதவர்கள் வேறு மாதிரியானவர்கள். பெரிய கரண்டிதான், கிளறாத சாம்பார்.

கிளறுவது என்றால் குலுக்கல். அதை நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 10ஆம் நூற்றாண்டு, வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை விவரிக்கிறது: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். சிறுவன் எதற்கு? எடுக்கிற கைக்கு விருப்பு வெறுப்பு இருக்கக் கூடாது. கணக்கெடுப்புக்குப் போகிறபோது ‘டீக்கடையில் யார் இருந்தார்களோ அவர்களைக் கேட்டேன்’ என்று வருகிறவர்களிடம் நான் இந்தக் குடத்தைத்தான் நினைவுபடுத்துவேன்.

எடுத்த மாதிரி எவ்வளவு ஆடும் என்பதையும் குடத்தை வைத்தே பார்க்கலாம். உங்கள் பன்னிரண்டு எண்களைப் பன்னிரண்டு சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்ப உள்ளே போட்டுக் குலுக்குங்கள். இப்படிப் பன்னிரண்டு முறை. சில எண்கள் இரண்டு மூன்று தடவை வரும், சில வரவே வராது. வந்த பன்னிரண்டுக்கு இடைநிலை காணுங்கள். மொத்தத்தையும் இருபது தடவை செய்தால் இருபது இடைநிலைகள் கிடைக்கும். எனக்கு அவை பெரும்பாலும் 6க்கும் 9க்கும் நடுவில் விழுந்தன. ஆகவே ‘இடைநிலை 7, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், 6இலிருந்து 9 வரை’ என்று தைரியமாகச் சொல்லலாம். இதை முறையாக வகுத்துக் கொடுத்தவர் பிராட்லி எஃப்ரான், 1979இல். அவர் கணினியைக் கொண்டு ஆயிரக்கணக்கில் செய்யச் சொன்னதை நாம் டப்பாவைக் கொண்டு இருபது தடவை செய்கிறோம்.

ஏழாம் படி: செய்தித்தாளுக்கு மூன்று கேள்விகள்

இதை விரைவாகவே சொல்லிவிடலாம். இரண்டு விஷயங்கள் சேர்ந்து கூடுகின்றன என்றால் மூன்றாவதாக ஒன்று பின்னால் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளின் உயரத்தையும், அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த குறள்களின் எண்ணிக்கையையும் எடுத்தால், உயரமான பிள்ளைகளுக்குக் கூடுதல் குறள் தெரிந்திருக்கும். பிள்ளையைக் கம்பியில் தொங்கவிட்டால் குறள் வராது. வயதுதான் காரணம்.

வாக்கு சதவீதம் 40இலிருந்து 44 ஆனால் நாலு சதவீதப் புள்ளி கூடியிருக்கிறது. ஆனால் பழைய வாக்கோடு ஒப்பிட்டால் பத்து சதவீத உயர்வு. எழுதுபவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது, சதவீதத்தை ஆட்களாக்குங்கள். நோயுள்ள நூறு பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கும், நோயில்லாத நூறு பேரில் 5 பேரைத் தவறாகப் பிடிக்கும் ஒரு பரிசோதனை என்று வைத்துக்கொள்வோம். நூற்றில் ஒருவருக்குத்தான் அந்த நோய். உங்களுக்கு ‘உண்டு’ என்று வந்துவிட்டது. பத்தாயிரம் பேரை வரிசையில் நிறுத்துங்கள். நோயாளிகள் 100, பிடிபடுபவர்கள் 90. நோயில்லாதவர்கள் 9,900, தவறாகப் பிடிபடுபவர்கள் 495. ‘உண்டு’ என்று வந்த 585 பேரில் உண்மையான நோயாளிகள் 90 பேர், ஏறத்தாழ ஆறில் ஒருவர். நிகழ்தகவுப் பாடத்தில் நீளமான சூத்திரத்தால் வரும் விடை இதுதான்.

எட்டாம் படி: புத்தகமும் கணினியும்

இப்போது பாடப்புத்தகத்தைத் திறக்கலாம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எட்டாம் அத்தியாயம் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வீச்சு, திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு எல்லாம் அங்கே இருக்கின்றன. அதைத் தாண்ட விரும்புபவர்களுக்குப் பதினோராம் வகுப்பில் புள்ளியியல் தனிப் பாடமாகவே உண்டு. ஒவ்வொரு கணக்குக்கும் விடை காண்பதற்கு முன் ‘இந்த எண் பெரிதாக வருமா சிறிதாக வருமா’ என்று ஊகித்து ஓரத்தில் எழுதிவிட்டு அப்புறம் செய்யுங்கள். தேற்றங்களின் நிரூபணங்களைத் தாண்டிப் போய்விடலாம், அவை எங்கேயும் ஓடிவிடாது.

கணினிக்கு எக்செல் அல்லது இலவசமான லிப்ரே ஆபிஸ் கால்க் போதும். ஒரு வரிசைக்கு ஒரு நாள், ஒரு பத்திக்கு ஒரு விவரம். ‘41, ஆட்டோ’ என்று ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள், குறிப்புக்குத் தனிப் பத்தி போடுங்கள். அடுத்த கட்டத்துக்கு ஜமோவி, ஜாஸ்ப் என்று இரண்டு இலவச மென்பொருள்கள் உள்ளன, நிரல் எழுதத் தெரியாமலே சொடுக்கிச் செய்யலாம். ஆனால் சொடுக்கினால் எதுவும் வரும் என்பதே அவற்றின் ஆபத்தும்.

ஒன்பதாம் படி: அத்தையின் காப்பி

சோதனை செய்வது எப்படி என்பதைக் கடைசிக்கு வைத்தேன். எல்லாரும் சறுக்கும் இடம் இது, டம்ளர்களோடு செய்தால் அவ்வளவாகச் சறுக்காது.

1920களில் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் முரியல் பிரிஸ்டல் என்ற விஞ்ஞானி, கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா தேநீரை ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றாராம். பக்கத்தில் இருந்த ரொனால்ட் ஃபிஷர் அதைச் சோதிக்க ஒரு முறை வகுத்தார்: எட்டுக் கோப்பை, நாலு அப்படி, நாலு இப்படி.

என் அத்தையும் இதே கட்சி. டிகாஷன் மேல் பால் ஊற்றுவது வேறு, பால் மேல் டிகாஷன் ஊற்றுவது வேறு என்பார். எட்டு டம்ளர் வைத்தோம். ஒரே பால், ஒரே டிகாஷன், ஒரே சர்க்கரை. சமையலறையில் கலந்தவர் ஒருவர், கூடத்துக்குக் கொண்டுவந்தவர் இன்னொருவர். கொண்டுவருபவருக்கு எது எது என்று தெரியக் கூடாது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். டம்ளர் வைக்கும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். நாலில் பால் முதலில் என்பது அத்தைக்குத் தெரியும், எந்த நாலு என்பதைத்தான் சொல்ல வேண்டும். அவர் எடுத்த நாலில் மூன்று சரி. அதாவது எட்டுக்கு ஆறு.

பெரிய விஷயமா? அத்தைக்கு எதுவுமே தெரியாது, குருட்டாம்போக்கில்தான் சொன்னார் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். எட்டுச் சீட்டு, நாலில் ‘பா’, நாலில் ‘டி’. குலுக்கி நாலை எடுங்கள், எத்தனை ‘பா’ என்று எண்ணுங்கள். சீட்டுக்கு நாக்கு கிடையாது, ஆகவே இது சுத்தமான குருட்டாம்போக்கு. நான் ஐம்பது தடவை செய்தேன். மூன்றோ நாலோ ‘பா’ வந்தது 11 தடவை. எட்டிலிருந்து நாலை எடுக்க மொத்தம் 70 வழிகள், அதில் மூன்றோ நாலோ சரியாக அமைபவை 17. சதவீதத்தில் 24. சீட்டும் சூத்திரமும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன.

நாவில் ஒன்றும் இல்லாதவருக்கே நாலு முறைக்கு ஒரு முறை இவ்வளவு நல்ல விடை அமைந்துவிடும் என்றால், இதை வைத்து அத்தையின் திறமையை ஒப்புக்கொள்ள முடியாது. பொதுவாக 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் ‘தற்செயல் என்று தள்ளிவிட முடியாது’ என்பார்கள். அந்த ஐந்து ஒரு பழக்கம்தான், வேதம் அல்ல.

இரண்டு தவறுகளை மட்டும் செய்யாதீர்கள். அந்த 24 சதவீதம் அத்தை கதை விடுவதற்கான வாய்ப்பு அல்ல. கதை விடுகிறார் என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு நல்ல விடை வருவதற்கான வாய்ப்பு. முன்னதும் பின்னதும் வேறு வேறு. இரண்டாவது, நிரூபணமாகவில்லை என்பதும் அத்தைக்குத் தெரியாது என்பதும் ஒன்றல்ல.

“எட்டுக்கு ஆறு சரியாச் சொன்னவளப் போயி நிரூபணம் இல்லேங்கிறியேடா” என்று அத்தை கோபித்துக்கொண்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எட்டு டம்ளரில் நாலுக்கு நாலும் சரியாகச் சொன்னால்தான் 70இல் 1, அதாவது 1.4 சதவீதம். ஒரு டம்ளர் மாறினாலே தோல்வி. சோதனையே கறாராகிவிட்டது. பன்னிரண்டு டம்ளர், ஆறுக்கு ஆறு என்று வைத்தால் மொத்தம் 924 வழிகள். ஆறில் ஐந்தோ ஆறோ சரியாக அமைபவை 37, அதாவது 4 சதவீதம். ஒரு பிழைக்கு இடம் கிடைக்கிறது.

இதை அத்தையிடம் விளக்கினேன். ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் ஒரு நிபந்தனை: ஆறிப்போன காப்பியில் ருசி தெரியாதாம், மும்மூன்று டம்ளராகத்தான் வர வேண்டுமாம். நியாயம்தான், எட்டாவது டம்ளர் வருவதற்குள் போன முறை ஆறித்தான் போயிருந்தது. வருகிற ஞாயிறுக்கு ஒரு லிட்டர் பால் கூடுதலாகச் சொல்லியாயிற்று.